கருப்பைப் புற்றும் காவற் புரதங்களும்

முதுகலை விலங்கியல், இரண்டாம் ஆண்டு மாணவி

இக்கட்டுரையைத் தொடங்குமுன் ஒரு சீசாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எங்கள் ஊர் விருத்தாசலத்தை அடுத்த நல்லூர். மணிமுத்தாற்றங்கரையில் என் தந்தையின் அக்காள், அதாவது என் அத்தை, வசித்து வருகிறார். வயது ஐம்பத்தெட்டு. சர்க்கரை நோய் உண்டு. மாதவிலக்கு நின்று ஆறு ஆண்டுகள் கழித்து அவருக்கு இரத்தக் கசிவு தொடங்கிற்று. 'உடம்புச் சூடு' என்று தாமே முடிவு செய்துகொண்டு, வெந்தயம் ஊறவைத்த நீரும் இளநீருமாக எட்டு மாதங்களைக் கடத்திவிட்டார். அவருடைய மருமகள் துவைக்கப் போட்ட துணியைப் பார்த்துவிட்டுக் கேட்டிராவிட்டால் இன்னும் எத்தனை மாதங்கள் போயிருக்குமோ தெரியாது.

ஒரு சிறிய மருத்துவமனையில் கருப்பையின் உட்புறத்தைச் சுரண்டிச் சதைத்துணுக்கு எடுத்தார்கள். அதை ஒரு பழைய டானிக் சீசாவில் உப்புநீரில் போட்டு, "ஆய்வகத்தில் கொடுத்துவிடுங்கள்" என்று என் தந்தையின் கையில் தந்தார்கள். அன்று மாசி மகம். விருத்தாசலத்தில் மாசி மகம் என்றால் எப்படியிருக்கும் என்பதை நம் கல்லூரி நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பேருந்து நகரவில்லை; ஆய்வகம் பூட்டிக் கிடந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சீசா மஞ்சள் பையோடு எங்கள் வீட்டு ஆணியில் ஒன்றரை நாள் தொங்கிற்று. பத்து நாள் கழித்து வந்த அறிக்கையில், திசு சிதைந்திருப்பதாகவும், புற்று என்று ஐயுற இடமிருப்பதாகவும், காவற் புரதங்களுக்கான சோதனையில் எந்த முடிவும் கூற இயலாது என்றும், மீண்டும் திசு எடுத்தனுப்புமாறும் எழுதியிருந்தது.

அத்தை மறுத்துவிட்டார். "ஒரு தடவை பட்டதே போதும் பாப்பா. மறுபடியும் அந்தக் கட்டில்ல நான் ஏறமாட்டேன். இருக்கறதை வச்சு ஏதாவது சொல்லச் சொல்லு" என்றார்.

இருக்கிறதை வைத்து ஏதாவது சொல்ல முடியாதா? விலங்கியல் மாணவியாகிய எனக்கும் அதே கேள்விதான் எழுந்தது. துணுக்கு கண்ணாடித் தகட்டில் இருக்கிறது, நுண்ணோக்கி இருக்கிறது, புரதம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்வதில் என்ன கடினம்? விடுமுறையில் ஓர் ஆய்வகத்தில் இரண்டு மாதம் பயிற்சி பெற்றிருந்த தைரியத்தில், அறிக்கையில் கையொப்பமிட்ட நோய்க்குறியியல் மருத்துவர் அம்மையாரை நேரில் சென்று கேட்டேன். அவர் சினம் கொள்ளாமல் தகடுகளை எடுத்துக் காட்டினார். அன்றும் பிறகும் நான் கற்றுக்கொண்டதையே இங்கு எழுதுகிறேன். அத்தையின் இசைவு பெற்றே அவர் கதையையும் சேர்த்துள்ளேன்.

எந்தப் புற்று?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 'கர்ப்பப்பைப் புற்று' என்று நாம் பேச்சு வழக்கில் சொல்வது இரண்டு வெவ்வேறு நோய்களுக்குப் பொதுப்பெயராக இருக்கிறது. ஒன்று கருப்பையின் வாய்ப்பகுதியில் வருவது. பாப்பிலோமா என்னும் வைரசால் உண்டாவது. சென்னையில் பெண்களுக்கு வரும் புற்றுகளில் நெடுங்காலம் முதலிடம் பெற்றிருந்தது இதுவே. பின்னரே மார்பகப் புற்று அதனை முந்திற்று. இவ்வாறு உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 1981 முதல் சென்னை நகருக்கெனப் புற்றுநோய்ப் பதிவேடு ஒன்று வைக்கப்பட்டு வருவதுதான். தம் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கப்பட்ட நிலையம் அது.

மற்றொன்று, கருப்பையின் உட்சவ்வாகிய எண்டோமெட்ரியத்தில் தோன்றுவது. என் அத்தைக்கு வந்தது இது. இதற்கு வைரசு காரணமன்று. ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீர், புரோஜெஸ்ட்ரோன் என்னும் மாற்றுக்கட்டுப்பாடு இல்லாமல் நெடுநாள் உட்சவ்வைத் தூண்டிக்கொண்டிருந்தால் இது வரக்கூடும். மாதவிலக்கு நின்ற பின்னும் உடற்கொழுப்பு ஈஸ்ட்ரோஜனை உண்டாக்கும். அதனால் உடற்பருமனும் சர்க்கரை நோயும் உடையோர்க்கு இவ்வாய்ப்பு மிகுதி. கருப்பை வாயைத் துடைத்தெடுத்துப் பார்க்கும் பாப் சோதனை இதனைக் கண்டுபிடிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. ஆனால் இந்நோய் பெரும்பாலும் தன் வரவைத் தானே அறிவிக்கிறது. மாதவிலக்கு நின்றபின் ஒரு துளி இரத்தம் கண்டாலும் அது சூடு அன்று, உடனே காட்டவேண்டியது. இந்த ஒரு வரியை மட்டும் நம் மாணவ நண்பர்கள் வீட்டிலுள்ள தாய்மார்களுக்குப் படித்துக் காட்டினால் நலம்.

காவற் புரதம் என்பது யாது?

உயிரணு ஒவ்வொன்றிலும் 'பெருகு' என்று தூண்டும் புரதங்களும் உண்டு. 'நில்' என்று தடுக்கும் புரதங்களும் உண்டு. தடுப்பவற்றையே கட்டி அடக்கிப் புரதங்கள் என்பர். சுருக்கம் கருதி நான் காவற் புரதங்கள் என்கிறேன். இப்படி ஒரு காவல் இருக்கவேண்டும் என்பதை, எந்த மரபணுவையும் கண்ணால் காணாமலே, குழந்தைகளின் விழித்திரைப் புற்றில் 48 நோயாளிகளின் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு, 1971இல் ஆல்பிரட் நட்சன் ஊகித்தார். தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரட்டையாக உள்ளது. இரண்டும் கெட்டாலொழியக் காவல் நீங்காது என்பதே அவர் கருத்து. அந்த மரபணு 1986இல் பிரித்தெடுக்கப்பட்டபோது அவருடைய கணக்கு சரியென்று தெரிந்தது.

கருப்பை உட்சவ்வுப் புற்றில் முதன்மையாகப் பேசப்படும் காவற் புரதங்கள் இரண்டு. ஒன்று பி.டி.இ.என். என்பது. 1997இல் கண்டறியப்பட்ட இதன் மரபணு பத்தாம் குரோமோசோமில் உள்ளது. இது ஒரு நொதி. உயிரணுவின் புறச்சவ்வில் வளர்ச்சிக்கான செய்தியைத் தாங்கி நிற்கும் ஒரு கொழுப்புப் பொருளிலிருந்து ஒரு பாஸ்பேட்டைக் கழற்றிவிடுவது இதன் வேலை. பாஸ்பேட் கழன்றால் செய்தி நின்றுவிடும். இந்த நொதி இல்லாமற் போனால் செய்தி ஓயாது. இப்புற்றின் பொதுவான வகையில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் இம்மரபணு கெட்டிருக்கக் காண்கிறோம்.

மற்றொன்று பி-53. பதினேழாம் குரோமோசோமைச் சேர்ந்தது. மரபுப்பொருளில் சிதைவு நேர்ந்தால் உயிரணு பிரிவதை நிறுத்தி, பழுதுபார்க்கச் செய்யும். பழுதுபார்க்க முடியாவிடில் அந்த அணுவையே மாயச்செய்யும். இதன் பெயரிலேயே ஓர் அளவைப் பிழை ஒளிந்திருப்பதை இங்குச் சொல்லாமல் போக மனமில்லை. ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டபோது, இப்புரதம் 53 ஆயிரம் டால்டன் எடையுள்ள புரதம் நிற்குமிடத்தில் நின்றது. ஆகவே அப்பெயர். ஆனால் இதிலுள்ள 393 அமினோ அமிலங்களைக் கூட்டிப் பார்த்தால் எடை ஏறத்தாழ 43,700 டால்டன்தான். புரோலீன் மிகுந்த ஒரு பகுதி ஓட்டத்தை மந்தப்படுத்தியதால் வந்த வேறுபாடு இது. பிழை தெரிந்தபின்னும் பெயர் மாறவில்லை.

அதைவிடப் பெரிய பிழையும் ஒன்று உண்டு. 1979இல் கண்டுபிடிக்கப்பட்ட பி-53ஐப் பத்தாண்டுகள் வரை புற்றைத் தூண்டும் புரதம் என்றே அறிஞர்கள் கருதினர். புற்றணுக்களில் அது குவிந்து கிடந்ததே அதற்குக் காரணம். திருடு போன வீட்டில் நின்றவனைத் திருடன் என்று பிடித்த கதைதான். அவர்கள் ஆய்ந்தது பெரும்பாலும் கெட்டுப்போன பி-53 என்பதும், நல்ல பி-53 புற்றைத் தடுக்கிறது என்பதும் 1989இல் தெளிவாயின.

காவற் புரதம் கெட்டால் அது குறையத்தானே வேண்டும்? எப்படிக் குவியும்? இதற்கு எங்கள் ஊர்ப்பக்கத்துத் தொழிலிலிருந்தே விடை சொல்கிறேன். என் தந்தை விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் மின்சாரப் பியூஸ் கேரியர் வார்க்கும் பட்டறையொன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். பியூஸ் அடிக்கடி போகிறதென்று சிலர் மெல்லிய கம்பிக்குப் பதில் தடித்த செம்புக் கம்பியை நான்கு சுற்றுச் சுற்றி வைத்துவிடுவார்கள். திறந்து பார்த்தால் முன்னைவிடக் கம்பி அதிகம். ஆனால் காவல் போயிற்று. நல்ல பி-53 உண்டான அரைமணிக்குள் பெரும்பகுதி அழிக்கப்பட்டுவிடும். அதனை அழிக்கும் புரதத்தை உண்டாக்கச் சொல்வதும் பி-53தான். கெட்ட பி-53 அந்த ஆணையைப் பிறப்பிக்காது. ஆகவே தானும் அழியாமல் தேங்கிவிடும். உவமை இந்த அளவோடு நிற்கும். பி.டி.இ.என். விஷயம் இப்படியன்று, அது பெரும்பாலும் இல்லாமலே போய்விடும்.

ஆக, ஒரு காவற் புரதத்தின் அளவு கூடினாலும் கேடாகலாம், குறைந்தாலும் கேடாகலாம். வெறும் எண்ணை வைத்துக்கொண்டு என்ன சொல்வது?

அரைத்து அளத்தல்

புரதத்தை அளக்க நான் முதலில் கற்ற முறை 'வெஸ்டர்ன் பிளாட்' என்பது. மேற்குத் திசைக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. சதர்ன் என்ற அறிஞர் 1975இல் மரபுப்பொருளுக்கு இம்மாதிரி முறையொன்று கண்டார். அவர் பெயர் தெற்கைக் குறிப்பதால், பின்வந்தவர்கள் விளையாட்டாக மற்றத் திசைகளையும் வைத்துவிட்டனர்.

உறைநிலைக்குக் கீழே எண்பது டிகிரியில் வைத்திருந்த திசுவைக் கரைசலில் அரைத்து, மொத்தப் புரதத்தைப் பிராட்போர்டு முறைப்படி நீலச் சாயத்தால் அளந்து, எல்லா மாதிரிகளிலும் சமமான அளவு எடுத்து, ஜெல்லில் ஓடவிட்டு, ஒரு மெல்லிய தாளுக்கு மாற்றி, நமக்கு வேண்டிய புரதத்தை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளை, அதாவது ஆன்டிபாடியை, அதன்மேல் ஊற்றவேண்டும். புரதம் இருக்குமிடத்தில் ஒரு பட்டை தெரியும். பட்டையின் செறிவே அளவு. நாங்கள் பழகியது கோழி ஈரலில். முதல் மூன்று முறையும் எனக்குப் பட்டை வரவில்லை. நான்காம் முறை தாள் முழுவதும் பட்டையாக வந்தது.

முறை நல்ல முறைதான். ஆனால் கருப்பைத் துணுக்குக்கு இது ஏன் முழுமையாகப் பொருந்துவதில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். துணுக்கில் புற்றணுக்கள் மட்டுமா இருக்கின்றன? அவற்றைத் தாங்கும் இடைத்திசு, இரத்தக் குழாய்கள், வெள்ளணுக்கள் எல்லாம் கலந்தே இருக்கின்றன. நூற்றுக்கு நாற்பது புற்றணுக்கள் என்றும், அவற்றில் ஒன்றில்கூடப் பி.டி.இ.என். இல்லை என்றும் வைத்துக்கொள்வோம். மீதி அறுபதும் நல்ல அணுக்கள். அவற்றில் அது இருக்கும். அரைத்துப் பார்த்தால் ஓரளவு மங்கிய பட்டை வரும். 'புரதம் சற்றுக் குறைந்துள்ளது' என்று எழுதுவோம். உண்மையோ, புற்றில் அது அறவே இல்லை என்பது. சட்டினி அரைத்தபின் எந்தக் கீற்று எந்தத் தேங்காயிலிருந்து வந்தது என்று கேட்டால் அம்மி பதில் சொல்லுமா?

சாயமேற்றிப் பார்த்தல்

ஆகவே நோய்க்குறியியலார் அரைப்பதில்லை, சீவிப் பார்க்கிறார்கள். எந்த அணுவில் புரதம் இருக்கிறது, எதில் இல்லை என்று கண்ணாலேயே காண்கிறார்கள். எதிர்ப்பொருளில் ஓர் ஒளிரும் சாயத்தைக் கோத்துத் திசுவில் தேடும் வழியை ஆல்பர்ட் கூன்ஸ் 1941இல் காட்டினார். ஒரே குறியை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளை வேண்டிய மட்டும் உண்டாக்கும் வழியைக் கோலரும் மில்ஸ்டைனும் 1975இல் கண்டு, 1984இல் நோபல் பரிசு பெற்றனர்.

செய்முறை இது. எடுத்த துணுக்கை ஒரு மணி நேரத்திற்குள் பத்து விழுக்காடு பார்மலினில் இட வேண்டும். துணுக்கின் பருமனைப்போல் பத்து மடங்காவது பார்மலின் வேண்டும். ஆறு மணி நேரத்திற்குக் குறையாமலும் மூன்று நாளுக்கு மேற்படாமலும் ஊறவேண்டும். பின்பு ஆல்ககாலில் நீரை நீக்கி, மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் மூன்று அல்லது நான்கு மைக்ரோமீட்டர் கனத்தில் சீவ வேண்டும். ஒரு மில்லிமீட்டரை இருநூற்றைம்பது பங்காக்கினால் ஒரு பங்கு நான்கு மைக்ரோமீட்டர். மூச்சு விட்டால் பறந்துவிடும். நான் சீவியவை பறந்தன.

பார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று கொக்கி போட்டுப் பிணைத்துவிடும். அழுகாமல் காப்பது அதனால்தான். ஆனால் எதிர்ப்பொருள் பற்றவேண்டிய இடமும் அதனாலேயே மறைந்துவிடும். மறைந்ததை வெளிக்கொணரத் தகடுகளை ஏற்ற கரைசலில் வைத்துக் கொதிக்கவைக்க வேண்டும் என்பது 1991இல் வெளியான உத்தி. நம் நாட்டு ஆய்வகங்கள் பலவற்றில் இதற்குப் பயன்படுவது சாதாரணப் பிரஷர் குக்கர்தான். விசில் வந்ததும் நேரம் குறிக்கிறார்கள். உயர்ந்த அறிவியல் நடக்குமிடத்தில் குக்கர் விசில் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு எதிர்ப்பொருள், அதன்மேல், ஒரு நொதியைச் சுமந்த இரண்டாம் எதிர்ப்பொருள், அதன்மேல் டி.ஏ.பி. என்னும் நிறமி. நொதி உள்ள இடத்தில் நிறமி பழுப்பாக மாறும். மற்றவை ஹிமடாக்சிலினால் நீலமாகும். பழுப்பு என்றால் புரதம் உண்டு. நீலம் மட்டும் என்றால் இல்லை.

இத்தனையும் கேட்டுக்கொண்ட பின் அம்மையார் அத்தையின் பி.டி.இ.என். தகட்டை நுண்ணோக்கியில் வைத்தார். பார்த்தேன். புற்றணுக்கள் நீலமாக இருந்தன. "இல்லை, டாக்டர். பி.டி.இ.என். போய்விட்டது" என்றேன் உறுதியாக.

"பக்கத்தில் இடைத்திசுவைப் பாரம்மா" என்றார்.

அதுவும் நீலமாகவே இருந்தது. இரத்தக் குழாயின் சுவரும் நீலமே. அங்கெல்லாம் இந்தப் புரதம் இருந்தே தீரவேண்டும். அங்கும் இல்லையென்றால் சோதனை நடக்கவில்லை என்று பொருள். புற்றைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

கூம்பு

இதைக் கேட்டபோது எனக்கு என் தந்தையின் சூளை நினைவுக்கு வந்தது. சூளையில் சாமான்களை அடுக்கியபின், துவாரம் வழியாகப் பார்க்கும்படி மண்ணால் செய்த சிறு கூம்புகள் மூன்றை வரிசையாக நிறுத்துவார்கள். 1886இல் ஜெர்மனியில் செகர் என்பவர் வகுத்த முறை இது. முதற் கூம்பு சற்றுக் குறைந்த சூட்டிலேயே வளையும். நடுக்கூம்பு சரியான சூட்டில் வளையும். மூன்றாவது வளையவே கூடாது; வளைந்தால் சூடு மீறிற்று. கூம்பு வளையாத சூளையிலிருந்து எடுத்த சாமானில் பளபளப்பு இல்லையென்றால் மேற்பூச்சைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. என் தந்தை அத்தகைய சாமானைக் கையிலெடுத்துப் பார்க்கக்கூட மாட்டார். "கூம்பு என்னாச்சு?" என்றுதான் கேட்பார்.

திசுவுக்குள்ளேயே இருக்கும் நல்ல அணுக்கள் வளையவேண்டிய கூம்பு. எதிர்ப்பொருள் ஊற்றாமல் மற்றெல்லாம் செய்த தகடு வளையக்கூடாத கூம்பு. அதில் பழுப்பு வந்தால் வேறெங்கோ தவறு. இவ்விரண்டும் சொன்னபடி இருந்தால்தான் நடுவிலுள்ளதைப் படிக்கலாம். உப்புநீர் திசுவைக் காப்பாற்றாது. மாசி மாத வெயிலில் ஒன்றரை நாள் கிடந்த சதையைத் தன் நொதிகளே தின்றுவிட்டன. 'பி.டி.இ.என். இல்லை' என்று நான் சொன்னது பின்னால் சரியாகவே இருந்தது. ஆனாலும் அன்று நான் சொன்னது தவறு. சாட்சியில்லாத தீர்ப்பு, தற்செயலாகப் பலித்தாலும், தீர்ப்பு ஆகாது.

எண் போடும் ஆசை

பயிற்சியில் எனக்கு 'எச்-ஸ்கோர்' என்னும் கணக்கைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கரும்பழுப்பான அணுக்களின் விழுக்காட்டை மூன்றாலும், நடுத்தரமானவற்றை இரண்டாலும், வெளிறியவற்றை ஒன்றாலும் பெருக்கிக் கூட்டவேண்டும். கருமை 20, நடுத்தரம் 30, வெளிறல் 40, நிறமின்மை 10 என்றால் 60, 60, 40 சேர்ந்து 160. பூச்சியத்திலிருந்து 300 வரை போகலாம். எண் வந்தவுடன் எனக்கு ஒரு நிறைவு. பி-53க்கும் இப்படியே போட்டு அம்மையாரிடம் காட்டினேன்.

"இந்த நோயில் பி-53க்கு நூற்றறுபது என்றால் நல்லதா, கெட்டதா?" என்று கேட்டார். நான் விழித்தேன்.

இப்புற்றில் பி-53ஐ எண்ணால் படிப்பதில்லை; தோற்றத்தால் படிக்கிறார்கள். சில அணு கருத்தும் சில வெளிறியும் சில நீலமாகவும், கலந்து காணப்பட்டால் அது நல்ல பி-53. பிறந்தும் அழிந்தும் வருகிறது என்று பொருள். ஏறக்குறைய எல்லாப் புற்றணுக்களின் உட்கருவும் ஒருசேரக் கருத்திருந்தால் கெட்டது, தடித்த கம்பி. நல்ல அணுக்களில் வெளிறிய பழுப்பு இருக்க, புற்றணுக்கள் அறவே நீலமாயிருந்தால் அதுவும் கெட்டது. மரபணு பாதியில் ஒடிந்து புரதமே உண்டாகவில்லை. உட்கருவை விட்டு வெளியே பரவிக் கிடந்தாலும் கெட்டது. முன்னூறும் பூச்சியமும் ஒரே வீட்டைச் சேர்ந்தவை. நடுவில் நிற்பதுதான் நலம். சராசரி எடுப்பதிலும் வரைபடம் போடுவதிலும் பழகிய நமக்கு இதனை ஏற்கச் சற்று நேரமாகிறது.

இதனால் நோயாளிக்கு என்ன பயன் என்று கேட்கலாம். 2013இல் அமெரிக்காவில் 373 கருப்பை உட்சவ்வுப் புற்றுகளின் மரபுப்பொருளை முழுதும் ஆராய்ந்து நான்கு வகையாகப் பிரித்தார்கள். அவற்றுள் பி-53 கெட்ட வகையே மிகக் கொடியது. தொகையில் சிறிது; உயிர்ச்சேதத்தில் பெரிது. நுண்ணோக்கியில் சாதுவாகத் தோன்றும் புற்றுகளிலும் சில இவ்வகையாக இருந்துவிடுகின்றன. 2023இல் உலக மகளிர் மருத்துவக் கூட்டமைப்பு நோயின் படிநிலையை வகுக்கும்போதே இதனையும் கணக்கில் சேர்த்துவிட்டது. அறுவையோடு நிறுத்துவதா, கதிரும் மருந்தும் தொடர்வதா என்ற முடிவில் அந்தப் பழுப்பு நிறத்துக்குப் பங்குண்டு. பி.டி.இ.என். அப்படியன்று, ஐயமான இடத்தில் துணைச்சான்றாக நிற்கும், அவ்வளவே.

குடும்பத்துக்கான செய்தி

இன்னும் நான்கு புரதங்களைப் பற்றிச் சொல்லவேண்டும். மரபுப்பொருளைப் படியெடுக்கையில் நேரும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் இப்புரதங்களையும் காவற் புரதங்களோடு சேர்த்தே எண்ணுவர். இவற்றுள் ஒன்று இல்லாமற் போனால் பிழைகள் மலிந்து புற்றுக்கு வழியாகும். இத்தகைய புற்று பரவியிருந்தால், உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் புதுவகை மருந்துகள் நல்ல பயன் தருகின்றன. சிலரிடம் இக்குறை பிறவியிலேயே வந்ததாக இருக்கும். அப்போது அது அவருடைய உடன்பிறந்தாருக்கும் மக்களுக்கும் குடல் முதலிய உறுப்புகளில் வரக்கூடிய புற்றைப் பற்றிய எச்சரிக்கையாகிறது.

அமெரிக்காவில் மிச்சிகனில் வார்த்தின் என்ற நோயியல் பேராசிரியருக்குத் துணி தைத்துக் கொடுத்த பெண் ஒருத்தி, 1895இல் ஒருநாள் மிகுந்த துயரத்தோடு, தன் குடும்பத்தில் பலரும் குடலிலோ கருப்பையிலோ புற்று வந்து மாண்டனர் என்றும், தானும் அப்படியே சாகப் போவதாகவும் சொன்னாளாம். அவள் சொன்னபடியே இளவயதில் கருப்பை உட்சவ்வுப் புற்றால் இறந்தாள். வார்த்தின் அவள் சொல்லைப் பிதற்றல் என்று தள்ளாமல், குடும்ப மரத்தை வரைந்து, 1913இல் வெளியிட்டார். பிற்காலத்தில் லிஞ்ச் என்ற மருத்துவர் அக்குடும்பத்தை மீண்டும் ஆராய்ந்தார். அவர் பெயராலேயே அக்குறை இன்று வழங்குகிறது. அந்தத் தையற்காரப் பெண் சொன்னதற்குச் சான்றாக நிற்கும் புரதங்கள்தாம் இன்று தகட்டில் பார்க்கப்படும் இந்நான்கும்.

இதனை அத்தையிடம் சொன்னது நான்தான். மருத்துவச் சொற்களை விட்டுவிட்டு, கூம்பு வளையாத சூளையைப் பற்றிச் சொன்னேன். பிறகு, "உனக்காக இல்லேன்னாலும் அப்பாவுக்காகவும் உன் பிள்ளைகளுக்காகவும் தெரிஞ்சுக்கணும் அத்தை" என்றேன். என் தந்தையும், "வாக்கா, இந்தத் தடவை சீசாவை நான் பார்த்துக்கறேன்" என்றார். அத்தை நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, என்றைக்குப் போகவேண்டும் என்று கேட்டார்.

இரண்டாம் முறை வேறொரு பெரிய மருத்துவமனையில் எடுத்தார்கள். எடுத்த இடத்திலேயே பார்மலின் இருந்தது. மூடியின் மேல் பெயரும் நேரமும் எழுதப்பட்டன. என் தந்தை அந்த நேரத்தைத் தம் சட்டைப்பையிலிருந்த சீட்டிலும் குறித்துக்கொண்டார். சூளை மூட்டிய நேரம் குறிக்கும் பழக்கம். அறிக்கையில், புற்று உண்மையே. இடைத்திசு நன்கு பழுத்திருக்கப் புற்றணுக்களில் பி.டி.இ.என். இல்லை, பி-53 நல்ல தோற்றம், பிழை திருத்தும் புரதங்கள் நான்கும் உள்ளன என்று வந்தது. எங்கள் குடும்பத்தில் மற்றவர்கள் அந்த வகையில் அஞ்சவேண்டியதில்லை என்றார்கள். கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றினார்கள். நோய் கருப்பைக்குள்ளேயே அடங்கியிருந்ததால் கதிர்ச் சிகிச்சை வேண்டாம் என்று முடிவாயிற்று. எட்டு மாதம் ஒளித்துவைத்தும் அது அடங்கியிருந்தது அத்தையின் நல்லூழ்.

மெழுகில் பதித்த அத்தையின் துணுக்கு ஆய்வகத்தில் இருக்கிறது. பல ஆண்டுகள் கழித்துப் புதிய சோதனை ஏதேனும் வந்தாலும் அதிலிருந்து ஒரு சீவல் எடுக்கலாமாம். அந்த மெழுகுக் கட்டையின் எண்ணை எழுதிய சீட்டு எங்கள் வீட்டில், ரேஷன் அட்டை வைத்திருக்கும் பையில் இருக்கிறது. மூன்று மாதத்திற்கொருமுறை அத்தையைச் சோதனைக்கு அழைத்துப் போகும்போதெல்லாம் என் தந்தை அதைத் தவறாமல் எடுத்துக்கொண்டு போகிறார்.